ராத்திரியில் மட்டும் கரகரக்கும் லெஃப்ட் சேனல்

பிரிவு: பழைய ஆம்ப்ளிஃபயர்கள், பழுதும் பார்வையும்

தேயிலைத்தோட்டம் | கோத்தகிரி | டிசம்பர் 18, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா தொண்ணூறுகள்ல கோயமுத்தூர்ல சொல்லி அசெம்பிள் பண்ணி வாங்கின ஸ்டீரியோ செட் ஒண்ணு இருக்கு. ஒரு பக்கத்துக்கு டிப்3055, டிப்2955 ஒரு ஜோடி, டிரைவர் பிடி139, பிடி140. சப்ளை பிளஸ் மைனஸ் 28 வோல்ட். லெஃப்ட் சேனல் செத்து மூணு வருசம் பரண்ல கிடந்தது. போன மே மாசம் கீழே போனப்ப ஒரு கடையில குடுத்தேன். ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டாங்க. அங்கேயே உக்காந்து பாட்டுப் போட்டுக் கேட்டுட்டுத்தான் காசு குடுத்தேன், குறையே இல்ல.

மழைக்காலம் முடிஞ்சு குளிர் ஏற ஆரம்பிச்சதுல இருந்து வம்பு. பகல்ல கேட்டா குத்தம் சொல்ல முடியாது. ஏழு மணிக்கு மேல போட்டா லெஃப்ட்ல ஒரு கரகரப்பு. சத்தமா வச்சா தெரியறதில்ல. ஆனா அப்பாவுக்குச் சத்தம் ஆகாது, மெல்லத்தான் வச்சுக் கேப்பார். காருகுறிச்சி நாதஸ்வரம் எப்படியோ தப்பிச்சுக்குது. எஸ்.பாலச்சந்தர் வீணை போட்டா மீட்டின உடனே நல்லா இருக்கு, நாதம் கரைஞ்சு ஓயற இடத்துல மணல்ல செருப்பைத் தேய்ச்ச மாதிரி வருது. வீணைக்குச் சளி புடிச்சிருச்சுன்னு அப்பா கிண்டல் பண்றார்.

ஸ்பீக்கரை இடம் மாத்திப் பாத்தாச்சு, கோளாறு லெஃப்ட் சேனலோடவேதான் நிக்குது. வால்யூம் கண்ட்ரோல் சுத்தம் பண்ணியாச்சு. ஒரு மணி நேரம் ஓடினா கொஞ்சம் தேறுது. எங்கே தொடங்கட்டும்?

சிப்புசெட்டு | கூடலூர் | டிசம்பர் 18, இரவு 10:31

அண்ணா, அதை அப்படியே பரணுக்கே அனுப்பிருங்க. கிளாஸ் டி போர்டு ஒண்ணு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஹீட் சிங்க்கே தேவையில்ல, டிரான்சிஸ்டரை முழிப்பா வச்சிருக்க முன்கூட்டியே வோல்ட்டேஜ் குடுக்கிற பயஸ் கியஸ் எதுவும் கிடையாது. லேப்டாப் சார்ஜர்ல ஓடும்.

தேயிலைத்தோட்டம் | டிசம்பர் 18, இரவு 10:40

தம்பி, அந்த யோசனை எனக்கும் வந்துச்சு. ஒரு போர்டு வாங்கி வச்சும் பாத்தேன். அப்பாவோட மீடியம் வேவ் ரேடியோ பக்கத்து மேசையில இருக்கு. போர்டை ஆன் பண்ணினா திருச்சி ஸ்டேஷன் இருக்கிற இடத்துல வெறும் இரைச்சல். அன்னிக்கே கழட்டச் சொல்லிட்டார்.

ஏகிளாஸ்ஊட்டி | டிசம்பர் 18, இரவு 11:05

பி கிளாஸ்னு எடுத்தாலே இந்த உரசல் கூடப் பிறந்தது. ஏபி-ன்னு பேர் மாத்தினாலும் ரத்தம் அதேதான். பயஸை நல்லா ஏத்தி ஏ கிளாஸ்ல ஓட்டுங்க, கிராஸ்ஓவர்ங்கிற பேச்சே இருக்காது. நான் எட்டு வருசமா அப்படித்தான் கேக்கிறேன். ஜனவரி உறைபனிக்கு ரூம் ஹீட்டரும் மிச்சம்.

குன்னூர்வாத்தியார் | டிசம்பர் 19, காலை 6:20

தம்பி தேயிலைத்தோட்டம், அவசரப்பட்டு எதையும் ஏற்ற வேண்டாம். மெல்லிய ஒலியில் மோசம், குளிரில் மோசம், சூடேறினால் தேறுகிறது என்று மூன்று அறிகுறி சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. இது கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன்தான், அதாவது அலை ஒரு டிரான்சிஸ்டரிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடத்தில் வரும் திரிபு. ஆனால் பிறவிக் குணமாக இருந்தால் ரைட் சேனலிலும் வந்திருக்க வேண்டுமே!

கற்பூர மரத்தை இருவர் ரம்பம் போட்டு அறுப்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. இந்தப் பக்கத்து ஆள் இழுக்கும்போது அந்தப் பக்கத்து ஆள் தளர்த்திக் கொடுப்பார், பிறகு மாறும். புஷ்-புல் அவுட்புட்டும் அப்படித்தான். அலையின் மேல் பாதியை என்பிஎன் டிரான்சிஸ்டர் இழுக்கிறது, கீழ்ப் பாதியை பிஎன்பி. ஆனால் சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு பேஸில் சுமார் 0.6 வோல்ட் கிடைத்தால்தான் கை அசையும். பயஸ் போதவில்லை என்றால் ஒருவர் கையை விட்ட பிறகும் மற்றவர் பிடித்திருக்க மாட்டார். அலை பூஜ்யத்தைத் தாண்டும் இடத்தில் ரம்பம் ஒரு கணம் நின்றுவிடும். ஸ்கோப்பில் வைத்தால் சைன் அலையின் நடுவே சிறு படிக்கட்டாகத் தெரியும்.

நாதஸ்வரம் ஸ்பீக்கரில் 10 வோல்ட் அலையாகப் போகும்போது அந்தப் படிக்கட்டு ஒரு சிறு பங்குதான், காது மன்னித்துவிடும். உங்கள் அப்பா கேட்கும் அளவில் ஸ்பீக்கருக்குப் போவது அரை வோல்ட் இருந்தால் அதிகம். வீணை ஓயும்போது அலை முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விழுந்துவிடுகிறது.

வகுப்புகளைப் பற்றி இங்கே நிறையக் குழப்பம் ஓடுவதால் ஒரு வார்த்தை. ஏ, பி, ஏபி என்பது சர்க்யூட்டின் சாதி அல்ல. சும்மா இருக்கும்போது டிரான்சிஸ்டர் வழியாக எவ்வளவு கரண்ட் ஓட விடுகிறோம் என்பதுதான் கணக்கு. 360 டிகிரியும் கடத்தினால் ஏ. சரியாக 180 டிகிரி என்றால் பி. இரண்டுக்கும் நடுவில் ஏபி. பி வகுப்பின் திறன் கணக்குப்படி அதிகபட்சம் 78.5 சதவீதம். ஏ வகுப்பு புஷ்-புல்லுக்கு 50, வெறும் ரெசிஸ்டரை லோடாக வைத்த ஒற்றை டிரான்சிஸ்டருக்கு 25. அதுவும் முழு வால்யூமில் மட்டும். மெல்லக் கேட்கும்போது ஏ வகுப்பின் திறன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரே போர்டில் ஒரு பிரீசெட்டை (திருகி அளவு மாற்றும் சிறு ரெசிஸ்டர்) திருகினாலே வகுப்பு மாறிவிடும். ஊட்டி நண்பரின் ஹீட்டரும் உங்கள் லெஃப்ட் சேனலும் ஒரே திருகின் இரண்டு கோடிகள்.

சீரிஸ்பல்பு | மேட்டுப்பாளையம் | டிசம்பர் 19, காலை 9:48

சார் சொன்னது சரிங்க. நான் பெஞ்சுல உக்காந்து பாக்கறவன், என் பங்குக்கு ரெண்டு கேள்வி.

ராத்திரி ஏழு மணிக்கு உங்க வீட்ல கரண்ட் எத்தனை வோல்ட் வருதுங்க? மீட்டர் வச்சுப் பாத்துச் சொல்லுங்க, அந்தாசாச் சொல்லாதீங்க.

அப்பறம், மூடியைக் கழட்டி ரெண்டு சேனலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு போட்டோ. ஹீட் சிங்க் முழுசாத் தெரியோணும்.

சந்தேகமே இல்லாம காதுல பிடிக்க ஒரு வழி இருக்குங்க. போன்ல டோன் ஆப் போட்டு 100 ஹெர்ட்ஸ் சைன் வச்சு, வால்யூமை மெல்ல வைங்க. நல்ல சேனல்ல 'உம்'முனு மொழுக்குனு இருக்கும். கிராஸ்ஓவர் இருந்தா 'உம்' மேல 'ஜிர்ர்'னு ஒரு வண்டு உக்காந்திருக்கும். வால்யூமை ஏத்தினா வண்டு அமுங்கிப் போகும். ஸ்பீக்கர் காயில் உரசினா நேர் எதிரா இருக்கும், ஏத்த ஏத்தக் கூடும்.

தேயிலைத்தோட்டம் | டிசம்பர் 19, இரவு 8:37

அண்ணா, வண்டு இருக்கு! லெஃப்ட்ல மட்டும். கால்வாசிக்கு மேல ஏத்தினா காணாமப் போயிருது.

வோல்ட் 190. ஊர்ல எல்லாரும் கீசர் போடற நேரம். மத்தியானம் பாத்தப்ப 228 இருந்துது. வீட்டுக்குள்ள இப்ப 11 டிகிரி. போட்டோ ரெண்டு இணைச்சிருக்கேன், எலிப்புழுக்கையைக் கண்டுக்காதீங்க.

சீரிஸ்பல்பு | டிசம்பர் 19, இரவு 9:15

எலிப்புழுக்கையைத்தான் முதல்ல பாத்தேன். அதுக்கு வலது பக்கமே விசயம் இருக்குதுங்க.

ரைட் ஹீட் சிங்க்ல மூணு ஸ்க்ரூ. ரெண்டு பவர் டிரான்சிஸ்டருக்கு, நடுவுல ஒரு பிடி139. இது டிரைவர் இல்லீங்க, பயஸ் குடுக்கிறது. லெஃப்ட்ல நடு ஓட்டை சும்மா கிடக்குது. மைக்கா மட்டும் ஒட்டிட்டு இருக்குது, ஆளைக் காணம். போர்டுல அந்த மூணு கால் இருந்த இடத்துல ரெண்டு ஓட்டைக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர். ஆரஞ்சு, வெள்ளை, பிரவுன். 390 ஓம்.

பயஸ் டிரான்சிஸ்டரைத் தூக்கிட்டு ரெசிஸ்டர் போட்டிருக்காங்க.

கொடைக்கானல்குளிர் | டிசம்பர் 19, இரவு 9:50

படிச்சுக்கிட்டே வர்றேன், ஒரு சந்தேகம். ஆம்ப்ளிஃபயர்ல ஃபீட்பேக்னு ஒண்ணு இருக்குமே. அவுட்புட்ல தப்பு வந்தா அதுவே திருத்திடாதா? அப்புறம் ஏன் காது வரைக்கும் வருது?

குன்னூர்வாத்தியார் | டிசம்பர் 20, காலை 6:05

நல்ல கேள்வி. ஃபீட்பேக் திருத்தத்தான் செய்யும், ஆனால் திருத்தச் சொன்னால் செய்ய ஆள் வேண்டும். இரண்டு டிரான்சிஸ்டரும் தூங்கும் அந்தக் கணத்தில் அவுட்புட் ஸ்டேஜின் கெயின் (பெருக்கம்) ஏறக்குறைய பூஜ்யம். முன் ஸ்டேஜ் தன் வோல்ட்டேஜைச் சட்டென்று தாவ வைத்து அடுத்த ஆளை எழுப்பியாக வேண்டும். அந்தத் தாவலுக்கு நேரம் பிடிக்கும். அலை பெரிதாக இருந்தால் பள்ளத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். சிறிதாக இருந்தால் பொழுதெல்லாம் பள்ளத்தில்தான் கழியும்.

இன்னொன்று. மேலும் கீழும் சமமாக ஏற்படும் இந்தப் படிக்கட்டில் பிறப்பது 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள், அதாவது மூல அதிர்வெண்ணின் மடங்குகள். மூலை கூர்மையாக இருப்பதால் அவை சீக்கிரம் ஓயாது, மேலே மேலே போகும். 100 ஹெர்ட்ஸ் தொனியின் மேல் வண்டு கேட்பது அதனால்தான். உயர்ந்த அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபயரின் உள் கெயின் குறைந்துகொண்டே போவதால் ஃபீட்பேக் அங்கேதான் மெலிந்திருக்கும். திருட்டு நடக்கும் தெருவில் காவல் இல்லை.

வால்வு காலத்திலும் இந்தத் தொல்லை இருந்தது. ஆனால் வால்வு மெதுவாகக் கண்ணயரும், டிரான்சிஸ்டர் பட்டென்று படுத்துவிடும். ஆரம்பகால டிரான்சிஸ்டர் செட்டுகளுக்கு 'வறட்டு ஒலி' என்று கெட்ட பெயர் வந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

பயஸ் இல்லாமலும் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். 1975-இல் வந்த குவாட் 405-இல் பீட்டர் வாக்கர் பெரிய டிரான்சிஸ்டர்களுக்கு பயஸே தரவில்லை. அவை தூங்கும் இடைவெளியைச் சிறிய ஏ வகுப்பு ஆம்ப் ஒன்று நிரப்பும்படி நான்கு உறுப்புகளைக் கொண்டு ஒரு சமநிலைப் பாலம் அமைத்தார். அழகான வேலை. உங்கள் செட்டுக்கு அது பொருந்தாது, சும்மா சொல்லிவைத்தேன்.

தேயிலைத்தோட்டம் | டிசம்பர் 20, மதியம் 1:30

சீரிஸ்பல்பு அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே லெஃப்ட்ல 390 ஓம்தான். எனக்கு இன்னும் புரியாதது ஒண்ணு. ரெசிஸ்டர் போட்டும் கடையில நல்லாத்தானே பாடிச்சு?

சீரிஸ்பல்பு | டிசம்பர் 20, மதியம் 2:10

பாடுமுங்க. மே மாசம் கீழே கடைக்குள்ள 35 டிகிரி இருந்திருக்கும். கணக்கைப் பாருங்க.

உங்க செட்ல ஒரு பக்கம் டிரைவர், பவர், மறு பக்கம் டிரைவர், பவர். மொத்தம் நாலு பேஸ்-எமிட்டர் ஜங்ஷன். நாலையும் கண் முழிக்க வைக்க சுமார் 2.4 வோல்ட் வேணும். அந்த ரெசிஸ்டர் வழியா 6 மில்லிஆம்பியர் ஓடுதுன்னு வைங்க, 390 ஓம்ல 2.34 வோல்ட் விழும். கடைச் சூட்டுக்கு அது போதும்.

ஒவ்வொரு ஜங்ஷனுக்கும் ஒரு டிகிரி குறைஞ்சா 2 மில்லிவோல்ட் கூடுதலா வேணும். 35-ல இருந்து 11-க்கு வந்தா 24 டிகிரி. நாலு ஜங்ஷனுக்கும் சேத்து 190 மில்லிவோல்ட் பத்தாமப் போச்சு. ரெசிஸ்டருக்குக் குளிரும் தெரியாது, வெயிலும் தெரியாது. பிடி139 இருந்திருந்தா அதுவும் கூடவே குளிர்ந்து வோல்ட்டேஜைத் தானா ஏத்திக் குடுத்திருக்கும்.

அதோட நிக்கல. உங்க போர்டு பழைய பூட்ஸ்ட்ராப் டிசைன், போட்டோவுல பெரிய கெப்பாசிட்டர் தெரியுது. அதுல அந்த 6 மில்லிஆம்பியர் சப்ளை வோல்ட்டேஜைப் பொறுத்து ஏறும் இறங்கும். 230 இருந்தது 190 ஆச்சுன்னா அதுவும் 17 சதவீதம் இறங்கும். 2.34 வந்து 1.93 ஆயிரும். குளிர் ஒரு பக்கம் இழுக்குது, கீசர் ஒரு பக்கம் இழுக்குது. ஏழு மணிக் கதை இதுதானுங்க.

நம்ப வேண்டாம், அளந்து பாருங்க. சிக்னல் இல்லாம, வால்யூம் சுத்தமாக் குறைச்சு வச்சு, 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் மேல மில்லிவோல்ட். அப்பறம் ரெண்டு டிரைவர் பேஸுக்கும் நடுவுல வோல்ட். ப்ரோப் வழுக்கி ரெண்டு காலைச் சேத்துத் தொட்டா பவர் டிரான்சிஸ்டர் போயிரும். கிளிப் மாட்டிட்டு அப்பறமா ஆன் பண்ணுங்க.

தேயிலைத்தோட்டம் | டிசம்பர் 20, இரவு 8:02

ரைட்: 18 மில்லிவோல்ட், 2.52 வோல்ட்.
லெஃப்ட்: 0.0 மில்லிவோல்ட், 1.94 வோல்ட்.

உங்க பெஞ்சுல என் செட்டே இல்லாம எப்படி 1.93-னு சொன்னீங்க? அப்பாகிட்ட காட்டினேன், ஜோசியக்காரரான்னு கேக்கிறார்.

அந்தக் கடைக்காரர் மேல கோவமா வருது. ஐந்நூறு ரூபா வாங்கிட்டு ஒரு ரூபா ரெசிஸ்டரைப் போட்டு ஏமாத்திட்டாங்க.

சீரிஸ்பல்பு | டிசம்பர் 20, இரவு 8:40

ஏமாத்தினாங்கன்னு சொல்லாதீங்க. அவங்க வேலையைப் பாத்தா கைவேலை சுத்தமா இருக்குது. டிரான்சிஸ்டர் செத்துக் கிடந்திருக்கும், கையில வேற இருந்திருக்காது, கஸ்டமர் மலைக்கு ஏறோணும்னு நின்னுட்டு இருந்திருப்பாரு. நானும் அப்படி ஒட்டுப் போட்டிருக்கேன், மறைக்க என்ன இருக்குது. அவங்க 390 போட்டது கொஞ்சம் குறைச்சலாத்தான், தெரிஞ்சுதான் போட்டிருக்காங்க. 470 போட்டிருந்தா கீழேயே வெந்திருக்கும்.

ஏனுங்க, இந்த ரெசிஸ்டரோட அந்த செட்டை ஏப்ரல் மாசம் மேட்டுப்பாளையத்துல வச்சு சத்தமா ஓட்டியிருந்தா? டிரான்சிஸ்டர் சூடாகும், சூடானா கம்மி வோல்ட்டேஜ்லயே கூடக் கரண்ட் இழுக்கும், இழுத்தா இன்னும் சூடாகும். பயஸ் இறங்காது. கடைசியில புகைதான். உங்க ஊர்க் குளிர்தான் அந்த சேனலைக் காப்பாத்தி வச்சிருக்குது.

ஏகிளாஸ்ஊட்டி | டிசம்பர் 20, இரவு 10:20

சுத்திச் சுத்தி எங்கே வர்றீங்க? பயஸ் பத்தல, ஏத்துங்க. நான் முதல் நாளே சொன்னது. ஏத்தறதுதான் ஏத்தறீங்க, முழுசா ஏத்துங்க.

குன்னூர்வாத்தியார் | டிசம்பர் 21, காலை 6:15

ஏற்றுவோம். எவ்வளவுக்கு என்பதில்தான் நமக்குள் வழக்கு.

எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாட் ஏ வகுப்பில் வேண்டுமானால் உச்சக் கரண்ட் 2.24 ஆம்பியர், அதில் பாதி, 1.12 ஆம்பியர், எப்போதும் ஓடவேண்டும். பிளஸ் மைனஸ் 28 என்றால் மொத்தம் 56 வோல்ட். ஒரு சேனலுக்கு 63 வாட், இரண்டுக்கும் 125 வாட் பாட்டே இல்லாமல் எரியும். அந்தச் சிறிய ஹீட் சிங்க் பத்து நிமிடம் தாங்காது. மலையில் குளிர்தானே, போதும் என்று நினைக்கலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. மெல்லிய காற்று வெப்பத்தைக் குறைவாகத்தான் எடுத்துப் போகும். குளிர் தரும் சலுகையில் ஒரு பங்கை உயரம் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

நடுவாந்திரமாக ஏற்றி வைப்பதும் நல்லதல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து இழுக்கும் பகுதியில் அவுட்புட்டின் கெயின் கொஞ்சம் கூடுதல், ஒருவர் மட்டும் இழுக்கும் பகுதியில் கொஞ்சம் குறைவு. பயஸ் குறைந்தால் நடுவில் பள்ளம், மிஞ்சினால் நடுவில் மேடு. மேட்டின் இரண்டு விளிம்பிலும் அலை தடுக்கும். பள்ளத்தைவிட இது சாதுவானதுதான், ஆனாலும் திரிபு திரிபுதான். பள்ளமும் மேடும் இல்லாமல் சமமாக இருக்கும் புள்ளி ஒன்று உண்டு. 1971-இல் ஹியூலெட் பாக்கார்டின் பார்னி ஆலிவர் அதைக் கணக்கிட்டுக் காட்டினார்: ஒவ்வொரு எமிட்டர் ரெசிஸ்டர் மேலும் சுமார் 26 மில்லிவோல்ட். டிரான்சிஸ்டருக்குள்ளேயே இருக்கும் சிறு தடையையும் சேர்த்துக்கொண்டால் நாம் வெளியே அளப்பது அதைவிடக் குறையும். 20 மில்லிவோல்ட் என்று வைத்தால் 0.33 ஓமில் 60 மில்லிஆம்பியர்.

உங்கள் ரைட் சேனலில் 18 இருக்கிறது, கவனித்தீர்களா? முப்பது வருடத்துக்கு முன் அதைத் திருகி வைத்தவர் யாரோ, விஷயம் தெரிந்தவர்.

ஏகிளாஸ்ஊட்டி | டிசம்பர் 21, காலை 8:30

60 மில்லிஆம்பியர்ல எவ்வளவு தூரம் ஏ கிளாஸ் கிடைக்கும்? அதையும் சொல்லிடுங்க.

குன்னூர்வாத்தியார் | டிசம்பர் 21, காலை 8:52

120 மில்லிஆம்பியர் உச்சம் வரை. எட்டு ஓமில் 0.06 வாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. சிரிக்காதீர்கள். வீணை நாதம் ஓயும் இடம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். 250 மில்லிஆம்பியருக்கு ஏற்றினால் ஒரு வாட் வரை கிடைக்கும், ஹீட் சிங்க்கை இரட்டிப்பாக்கினால் தாராளமாக ஏற்றுங்கள்.

ஏகிளாஸ்ஊட்டி | டிசம்பர் 21, காலை 9:10

சரி, அந்த 0.06-க்குள்ள அப்பா கேக்கிறார்னா நான் வாயை மூடிக்கிறேன். என் ஹீட்டர் எனக்கு.

சிப்புசெட்டு | டிசம்பர் 21, காலை 9:33

இப்ப நான் சிரிச்சுக்கட்டுமா?

சீரிஸ்பல்பு | டிசம்பர் 21, காலை 9:41

சிரிச்சுக்குங்க தம்பி. உங்க கிளாஸ் டி-யிலயும் இதே பேய் வேற பேர்ல இருக்குது. மேல் மாஸ்ஃபெட்டும் கீழ் மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்துல ஆன் ஆனா சப்ளை ஷார்ட். அதனால ஒண்ணு ஆஃப் ஆகி, சில பத்து நானோசெகண்ட் கழிச்சுத்தான் இன்னொண்ணு ஆன் ஆகும். டெட் டைம்னு பேரு. அது கூடினா உங்களுக்கும் திரிபுதான். சிப் செஞ்சவன் உங்களுக்காகத் திருகி வச்சுட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொடைக்கானல்குளிர் | டிசம்பர் 21, மாலை 5:20

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். நான் வீட்ல ஒரு சின்ன மிக்சர் கட்டியிருக்கேன். கோடை எஃப்எம் கேக்கிற ரேடியோவையும் போனையும் அதுல சேத்து ஹெட்போன்ல கேப்பேன். எல்எம்324 போட்டது. மெல்ல வச்சா இதே ஜிர்ர். ஆனா இதுல பவர் டிரான்சிஸ்டரே இல்லையே?

குன்னூர்வாத்தியார் | டிசம்பர் 21, மாலை 6:00

சிப்புக்குள் இருக்கிறதே! எல்எம்324 மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த சிப். அதன் அவுட்புட் ஸ்டேஜ் ஏறக்குறைய பி வகுப்பு, உள்ளே ஒரு சிறு பகுதியே ஏ. அவுட்புட்டிலிருந்து மைனஸ் சப்ளைக்கு ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டுப் பாருங்கள். மேல் டிரான்சிஸ்டர் எப்போதும் கொஞ்சம் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டி வரும். சிறிய சிக்னல் முழுவதும் அது ஒன்றே இழுக்கும், கைமாற்றமே நடக்காது. சிக்னல் சிறிதாக இருக்கும்வரை ஏ வகுப்புதான், செலவு ஒரு ரெசிஸ்டர். ஹெட்போனை நேரே ஓட்ட அது பலசாலி அல்ல என்பது வேறு விஷயம். ஆடியோவுக்கென்றே வந்த டிஎல்074 அதே காலமைப்பில் கிடைக்கும். ஒற்றை 5 வோல்ட்டில் ஓடுகிறதென்றால் மட்டும் மாற்றாதீர்கள், அதற்குக் கூடுதல் சப்ளை வேண்டும்.

தேயிலைத்தோட்டம் | டிசம்பர் 22, காலை 7:45

கோத்தகிரி பஜார்ல பிடி139 கிடைச்சுது. பிரீசெட்டும் கேட்டு வாங்கிட்டேன். எப்படி மாட்டறது? ரைட்டைப் பாத்துக் காப்பி அடிக்கலாமான்னா பிரீசெட் மேல ஏதோ சிவப்பு மெழுகு ஊத்தி அடைச்சிருக்கு, எழுத்தே தெரியல.

சீரிஸ்பல்பு | டிசம்பர் 22, காலை 10:05

அந்த மெழுகைத் தொடாதீங்க.

கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவுல 2.2 கிலோஓம். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல 470 ஓமும் 500 ஓம் பிரீசெட்டும் வரிசையா. பிரீசெட்டைக் கண்டிப்பா எமிட்டர் பக்கம்தான் வைக்கோணும், கலெக்டர் பக்கம் வச்சுராதீங்க. உங்க ஊர் மூடுபனியில பிரீசெட்டோட தடம் பூத்துப் போகும், ஒரு நாள் நடுக் கால் தொடாம விட்டுரும். எமிட்டர் பக்கம் இருந்தா பயஸ் படுத்துரும், கரகரன்னு வரும், அவ்வளவுதான். கலெக்டர் பக்கம் இருந்தா பயஸ் உச்சிக்கு ஏறி ஒரு ஜோடி பவர் டிரான்சிஸ்டரைத் தின்னுட்டுத்தான் நிக்கும். எத்தனையோ செட்ல இந்த ஒரு தப்பைப் பாத்திருக்கேன்.

பிடி139-ஐ அந்த நடு ஓட்டையிலயே மாட்டுங்க. மைக்கா, பேஸ்ட் ரெண்டும். காலுக்கு ஸ்லீவ் போடுங்க. பிரீசெட்டை முழுத் தடை இருக்கிற பக்கம் திருகி வச்சுத் தொடங்குங்க, அதுதான் குறைஞ்ச பயஸ். எமிட்டர் ரெசிஸ்டர்ல மீட்டர் கிளிப். மெயின்ஸ்ல வரிசையா ஒரு 100 வாட் குண்டு பல்பு, என் பேர் சும்மா வரலீங்க. பல்பு ஒரு தரம் மின்னி அடங்கோணும். எரிஞ்சுட்டே இருந்தா உடனே ஆஃப். சரியா இருந்தா பல்பை எடுத்துட்டு, மெல்லத் திருகி 15 மில்லிவோல்ட்ல நிறுத்துங்க. இருபது நிமிசம் கழிச்சு 20-க்கு வைங்க. அவசரத்துல ஒரே மூச்சுல 20 வச்சீங்கன்னா சூடாகறப்ப அது எங்கே போய் நிக்கும்னு சொல்ல முடியாது.

குன்னூர்வாத்தியார் | டிசம்பர் 22, மதியம் 12:30

ஒரு சிறு சேர்க்கை. பிடி139 ஹீட் சிங்க்கின் சூட்டைப் பார்த்து நாலு ஜங்ஷனுக்கும் சேர்த்துத் திருத்துகிறது. ஆனால் டிரைவர்கள் போர்டின் மேல் தனியாக நிற்கின்றன, அவ்வளவு சூடாவதில்லை. அதனால் கொஞ்சம் மிகையாகத் திருத்தும். ஒரு மணி நேரம் சத்தமாகப் போட்டுவிட்டுச் சட்டென்று குறைத்தால் சில நிமிடம் பயஸ் தேவைக்குக் கீழே இருக்கும். மில்லிவோல்ட் 14, 15 என்று காட்டினால் பயந்து திருகிவிடாதீர்கள், ஆறினால் திரும்பும்.

தேயிலைத்தோட்டம் | டிசம்பர் 22, இரவு 9:55

பல்பு ஒரு தரம் மின்னி அடங்குச்சு. அப்போ கை நடுங்கினது குளிரால இல்ல. 15 வச்சேன், இருபது நிமிசத்துல அது தானா 17 ஆச்சு, 20-க்குத் திருகினேன். வோல்ட் 188-தான் இருந்துது.

வண்டு இல்ல.

அப்பாவைக் கூப்பிட்டு வீணை போட்டேன். முழுசாக் கேட்டுட்டு, 'இப்ப ரைட்டு பக்கம் சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கே'ன்னார். அது வால்யூம் கண்ட்ரோல்னு சொல்லிச் சமாளிச்சேன்.

தேயிலைத்தோட்டம் | டிசம்பர் 29, காலை 6:10

ஒரு வாரம் ஆச்சு, ரீடிங் போடறேன். இன்னிக்கு வெளியே தேயிலை மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கு, வீட்டுக்குள்ள 8 டிகிரி. செட்டை ஆன் பண்ணின அஞ்சாவது நிமிசம் ரைட் 16, லெஃப்ட் 17. அரை மணி கழிச்சு ரைட் 18, லெஃப்ட் 19.5. நேத்து ஹட்டியில விசேசம், வயர் இழுத்து எங்க வீட்லயும் ரெண்டு மணி நேரம் சத்தமா ஓடுச்சு. குறைச்ச உடனே லெஃப்ட் 14 காட்டுச்சு, வாத்தியார் சார் சொன்னதை நினைச்சுத் தொடாம விட்டேன். டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள 19.

பஜார்ல சிவப்பு மெழுகு கிடைக்கல. நெயில் பாலிஷ் போட்டு அடைச்சிருக்கேன்.